தனிக்கட்டை ஹஸ்கிகள்: ஒரு கனெக்டிகட் நாட்குறிப்பு

நவம்பர் 22, 2024, வெள்ளி. ஸ்டோர்ஸ்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் (நம்ம ஊர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்து ஓடும் ஆட்டம்) மேல்தட்டில் இந்த ஆண்டு 134 அணிகள் ஆடுகின்றன. அவற்றில் 131 அணிகளுக்கு ஏதோ ஒரு கான்ஃபரன்ஸ் இருக்கிறது. லீக் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வாரம் யாரோடு ஆட்டம், டிவி பணத்தில் யாருக்கு எவ்வளவு, கடைசியில் கோப்பை யாருக்கு என்பதையெல்லாம் லீக் பார்த்துக்கொள்ளும். மிச்சம் இருக்கிற மூன்றும் எதிலும் சேராதவை. இந்தியானாவின் நோட்டர் டேம், மாசசூசெட்ஸின் யூமாஸ், கனெக்டிகட்டின் யூகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்; அணிக்குப் பெயர் ஹஸ்கிகள்). இண்டிபெண்டன்ட் என்று கௌரவமாகச் சொல்கிறார்கள். தனிக்கட்டைகள்.

யூகான் எனக்கு வாய்த்ததற்குக் காரணம் எளிது. அக்கா வீடு ஹார்ட்ஃபோர்டுக்குப் பக்கத்தில். இன்சூரன்ஸ் கம்பெனிகள் நிறைந்த ஊர்; அத்தானுக்கும் அப்படி ஒன்றில்தான் சாஃப்ட்வேர் வேலை. மருமகன் யூகானில் இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் படிக்கிறான். "மாமா, சீசன் கடைசியில வர்றீங்க, ரெண்டு மேட்ச் மிச்சம் இருக்கு, கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லியிருந்தான். கோப்பையே இல்லாத ஒரு அணிக்கு சீசன் என்று என்ன இருக்கும் என்று பார்க்க எனக்கும் ஆசை.

ஹார்ட்ஃபோர்டிலிருந்து கிழக்கே அரை மணி நேரக் கார் ஓட்டம். வழியெல்லாம் இலை உதிர்ந்த மரங்கள், கல் அடுக்கிய குட்டைச் சுவர்கள், நடுநடுவே பண்ணை வீடுகள். ஸ்டோர்ஸ் நகரம் இல்லை, பெரிய கிராமம். 1881இல் சார்ல்ஸ் ஸ்டோர்ஸ், அகஸ்டஸ் ஸ்டோர்ஸ் என்ற சகோதரர்கள் கொடுத்த நிலத்தில் விவசாயப் பள்ளியாகத் தொடங்கியது. இன்றும் வளாகத்தின் ஒரு ஓரத்தில் மாடுகள் மேய்கின்றன. அந்தப் பாலில் செய்த ஐஸ்கிரீமை டெய்ரி பார் என்ற கடையில் விற்கிறார்கள். விரல் விறைக்கிற குளிரிலும் வரிசை நிற்கிறது. நானும் நின்றேன். நன்றாகவே இருந்தது.

வளாகத்தின் நடுவே காம்பல் பெவிலியன், பேஸ்கட்பால் அரங்கம். உள்ளே தொங்குகிற சாம்பியன்ஷிப் கொடிகளைப் பார்த்தால் இந்த ஊரின் குலதெய்வம் எது என்று சந்தேகமே வராது. ஆண்கள் அணி 2023, 2024 இரண்டு ஆண்டும் தேசிய சாம்பியன். வெளியே ஜொனாதன் என்ற ஹஸ்கி நாயின் வெண்கலச் சிலை. பரீட்சைக்கு முன்னால் அதன் மூக்கைத் தடவிவிட்டுப் போவார்களாம். மூக்கு மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கிறது.

ஃபுட்பால் அணிக்குப் பயிற்சிக் கூடம் இருக்கிறது, ஜிம் இருக்கிறது. ஆட்டம் நடக்கிற இடத்தைத்தான் காணோம்.

"ஸ்டேடியம் எங்கடா?"

"இங்க இல்ல மாமா. ஈஸ்ட் ஹார்ட்ஃபோர்ட்ல. நேத்து உங்களைக் கூட்டிட்டு வந்தோமே, அந்த ஹைவே ஓரத்துல."

சொந்த மைதானத்தில் ஆடவே முப்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏற வேண்டிய அணி இது. இந்த சீசனில் இதுவரை 7 வெற்றி, 3 தோல்வி. போன ஆண்டு இதே அணி 12 ஆட்டங்களில் ஒன்பதில் தோற்றது என்று மருமகன் சொன்னபோது அவன் முகத்தில் ஏறக்குறைய பெருமை.

நவம்பர் 23, சனி. ஈஸ்ட் ஹார்ட்ஃபோர்ட்

ரென்ட்ஷ்லர் ஃபீல்டு ஒரு காலத்தில் விமானத் தளம். ஃப்ரெடரிக் ரென்ட்ஷ்லர் என்பவர் தொடங்கிய பிராட் அண்ட் விட்னி விமான எஞ்சின் கம்பெனி பக்கத்திலேயே இருக்கிறது. அவர்கள் எஞ்சின்களைச் சோதித்த தளம் இது. 2003இல் இங்கே ஸ்டேடியம் திறந்தார்கள். ஏறக்குறைய 38,000 பேர் உட்காரலாம். மாநில அரசின் சொத்து, பல்கலைக்கழகம் வந்து ஆடிவிட்டுப் போகிறது.

இந்த ஸ்டேடியத்துக்குப் பின்னால் கனெக்டிகட்காரர்களின் பழைய காயம் ஒன்று உண்டு. ஹார்ட்ஃபோர்டில் வேலர்ஸ் என்று ஒரு ஐஸ் ஹாக்கி அணி இருந்தது. 1997இல் கரோலினாவுக்குப் போய்விட்டது. அடுத்த ஆண்டே பாஸ்டன் பக்கத்து பேட்ரியாட்ஸ் ஃபுட்பால் அணியின் முதலாளி ராபர்ட் கிராஃப்ட், ஹார்ட்ஃபோர்டுக்கு அணியைக் கொண்டுவருவதாக ஆளுநரோடு ஒப்பந்தம் போட்டார். 1999இல் பின்வாங்கினார். கல்யாணம் பேசி நின்றுபோன கோபத்தில் இருந்த மாநிலம், சரி, இருக்கிற பிள்ளைக்குச் செய்வோம் என்று யூகானுக்கு ஸ்டேடியம் கட்டியது. வேலர்ஸின் பச்சைத் தொப்பி போட்ட ஆட்களை இன்றும் பார்த்தேன். அந்த அணி போனபோது பிறக்காத பையன்கள்கூட அதைப் போட்டிருக்கிறார்கள்.

ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே புல்வெளியெல்லாம் கார்கள். டிக்கியைத் திறந்து, அடுப்பைப் பற்றவைத்து, அங்கேயே சமையல். டெயில்கேட் என்று பெயர். பக்கத்துக் காரில் அறுபது வயதுக்காரர் ஒருவர் எங்களுக்கு சாசேஜ் நீட்டினார். அக்கா எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக் கொடுத்திருந்தாள். பதிலுக்கு வறுவலைக் கொடுத்தோம். டப்பாவை அவர் திருப்பிக் கொடுக்க நேரமானது.

அவர் சொன்னதிலிருந்து ஒன்று புரிந்தது. லீக்கில் இருக்கிற அணிகளின் ரசிகர்கள் சீசனை ஒரே கதையாகப் பார்க்கிறார்கள்: புள்ளிப் பட்டியல், யார் தோற்றால் யார் மேலே போவார்கள் என்கிற கணக்கு. இவர்களுக்கு அது கிடையாது. பன்னிரண்டு ஆட்டங்கள், பன்னிரண்டு தனிக் கதைகள். ஆறு வெற்றி கிடைத்தால் டிசம்பரில் ஏதாவது ஒரு பௌல் ஆட்டத்துக்கு, அதாவது சீசன் முடிந்த பிறகு அழைப்பின் பேரில் நடக்கும் தனி ஆட்டத்துக்கு, கூப்பிடத் தகுதி. அவ்வளவுதான் இலக்கு. அந்த ஆறை யூகான் எப்போதோ தாண்டிவிட்டது. பிறகு இன்றைக்கு இவ்வளவு பேர் எதற்கு வந்தார்கள்? இன்றைய எதிரணி சிரக்யூஸுக்காக.

சிரக்யூஸ் பழைய சொந்தம். பிக் ஈஸ்ட் என்ற லீக்கில் இரண்டு பேரும் ஒன்றாக இருந்தவர்கள். சிரக்யூஸுக்கு ஏசிசி என்ற பெரிய இடத்தில் சம்பந்தம் கிடைத்தது. யூகானுக்குக் கிடைக்கவில்லை. இந்தப் பழங்கணக்கைத் தவிர இந்த ஆண்டுக் கணக்கும் ஒன்று உண்டு. யூகானின் மூன்று தோல்விகளும் பெரிய லீக் அணிகளிடம்தான். மேரிலாண்டிடம் 50-7 என்று சட்னி. அதன் பிறகு டியூக்கிடம் 26-21, வேக் ஃபாரஸ்டிடம் 23-20. தொட்டுவிட்டுத் திரும்பிய தூரம். பெரிய லீக் அணி ஒன்றையாவது வீழ்த்தினால்தான் இந்த சீசனை வெளியாள் நம்புவான்.

ஆட்டத்தை எல்லா விவரத்தோடும் எழுதினால் பாதிப் பேர் ஓடிவிடுவீர்கள். சுருக்கமாக: நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும், முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி. பந்தை எறிகிறவன் குவார்ட்டர்பேக். சிரக்யூஸின் குவார்ட்டர்பேக் கைல் மெக்கார்ட் இன்று 400 யார்டுக்கு மேல் எறிந்தான். தடுப்பு வரிசை பிடித்து இழுக்க வருவதற்குள் பந்து கையைவிட்டுப் போய்விடுகிறது. யூகான் ஆட்கள் தப்பாக ஆடினார்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. கடைசி வரை ஒரு டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பது, கோல் மாதிரி) தூரத்திலேயே நின்றார்கள். முடிவு 31-24, சிரக்யூஸுக்கு.

மாணவர் பகுதியில் ஒரு பெண், "திரும்பவும் ஒரே டச்டவுன்!" என்று கத்திவிட்டு உட்கார்ந்தாள். பாதி அரங்கமும் அதைத்தான் நினைத்திருக்கும்.

இரவு வீட்டில் டிவி. மற்ற இரண்டு தனிக்கட்டைகளுக்கும் இன்றுதான் ஆட்டம். யூமாஸ் ஜார்ஜியாவுக்குப் போய் 59-21 என்று வாங்கிக்கொண்டது. நோட்டர் டேம் நியூயார்க்கில், யாங்கீ ஸ்டேடியத்தில், அதுவரை தோற்காத ஆர்மி அணியை 49-14 என்று துவைத்தது. ஆர்மியும் போன ஆண்டு வரை தனிக்கட்டைதான். இந்த ஆண்டுதான் லீக்கில் சேர்ந்தார்கள்.

நவம்பர் 24, ஞாயிறு

வெளியே போகவில்லை. அத்தானிடம் கேட்டுக் கேட்டு, யூகான் ஏன் தனியாக நிற்கிறது என்பதை ஒருவழியாகப் பிடித்தேன்.

2004இலிருந்து பிக் ஈஸ்ட்டில் ஃபுட்பால் ஆடினார்கள். 2010 சீசனில் லீக் சாம்பியன் ஆகி, 2011 புத்தாண்டு அன்று ஃபியஸ்டா பௌல் வரை போனார்கள். அங்கே ஓக்லஹோமாவிடம் 48-20 என்று தோல்வி. பயிற்சியாளர் ராண்டி எட்சால் அந்தக் கையோடு வேறு வேலைக்குப் போய்விட்டார். பிறகு பிக் ஈஸ்ட் உடைந்தது. ஃபுட்பால் வலுவுள்ள கல்லூரிகள் பெரிய லீக்குகளுக்கு ஓட, பேஸ்கட்பால் ஆடும் ஏழு கத்தோலிக்கக் கல்லூரிகள் பிக் ஈஸ்ட் என்ற பெயரையும் எடுத்துக்கொண்டு தனியாகப் பிரிந்தன. மீந்தவர்கள் 2013இல் அமெரிக்கன் என்ற லீக் ஆனார்கள். யூகான் அதில்.

அமெரிக்கனில் டெக்சாஸ், ஃப்ளோரிடா, ஓக்லஹோமா என்று தூரத் தூரத்துக் கல்லூரிகள். இந்த ஊர் ஆட்களுக்கு அந்த எதிரணிகள் மேல் ஒரு பகையும் இல்லை. பகை இல்லாவிட்டால் டிக்கெட் விற்காது. பல்கலைக்கழக விளையாட்டுத் துறைக்கு ஒரே ஆண்டில் 4 கோடி டாலருக்கு மேல் பற்றாக்குறை. 2019இல் முடிவெடுத்தார்கள்: பேஸ்கட்பாலைப் பழைய தோழர்களோடு புதிய பிக் ஈஸ்ட்டில் சேர்ப்போம். வெளியேறும் கட்டணம் 1 கோடியே 70 லட்சம் டாலர். பிக் ஈஸ்ட்டில் ஃபுட்பால் கிடையாது. ஃபுட்பாலை மட்டும் வைத்துக்கொள்ள அமெரிக்கனுக்கு விருப்பமில்லை. 2020 ஜூலையில் ஃபுட்பால் அணி நடுத்தெருவுக்கு வந்தது.

அதனால்தான் இண்டிபெண்டன்ட் என்ற கம்பீரத்தை நான் முழுதாக நம்பவில்லை. நோட்டர் டேம் தனியாக இருப்பது சொத்து இருப்பதால். 1991 முதல் அவர்களின் உள்ளூர் ஆட்டங்களை என்பிசி டிவி காசு கொடுத்து வாங்குகிறது. யாரோடும் பங்கு போடத் தேவையில்லை. யூகானின் தனிமை அண்ணன் பேஸ்கட்பாலின் வசதிக்காக வந்தது.

வந்த நேரமும் சரியில்லை. 2020 ஆகஸ்டில், கோவிட் காரணமாக அந்த சீசனையே ரத்து செய்த முதல் மேல்தட்டு அணி யூகான். 2021இல் 12 ஆட்டத்தில் ஒரே வெற்றி, அதுவும் யேல் மீது. கீழ்த்தட்டு அணியான ஹோலி கிராஸிடம் சொந்த மைதானத்தில் தோற்ற கையோடு, இடையில் திரும்பி வந்திருந்த எட்சால் மறுபடி போய்விட்டார். அப்புறம் வந்தவர் ஜிம் மோரா. அட்லாண்டா, சியாட்டில் என்று தொழில்முறை அணிகளையும் பிறகு யூசிஎல்ஏவையும் பயிற்றுவித்தவர், சில காலம் டிவியில் பேசிக்கொண்டிருந்தவர். இப்படி ஒரு வேலையை ஏன் எடுத்தார் என்று ஊரே வியந்ததாம். 2022இல், முதல் ஆண்டிலேயே, தேசிய வரிசையில் 19ஆம் இடத்தில் இருந்த லிபர்ட்டியை 36-33 என்று வீழ்த்தி அணியைப் பௌல் ஆட்டத்துக்குக் கொண்டுபோனார். 2023இல் மறுபடி சறுக்கல். இந்த ஆண்டு, இது.

ஆட்டப் பட்டியல் தயாரிப்பதுதான் தனிக்கட்டையின் பெரிய தலைவலி. பன்னிரண்டு எதிரணிகளையும் ஒவ்வொன்றாகப் போன் போட்டுப் பிடிக்க வேண்டும். செப்டம்பரில் ஆள் கிடைக்கும், ஏனென்றால் லீக் ஆட்டங்கள் அப்போது சூடுபிடித்திருக்காது. அக்டோபர், நவம்பரில் எல்லோரும் தங்கள் லீக்குக்குள் மும்முரம். பெரிய அணி ஒன்று, "எங்கள் ஊருக்கு வந்து ஆடிவிட்டுப் போ, நாங்கள் திரும்ப வர மாட்டோம்" என்று பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கும். போய் அடி வாங்கிக்கொண்டு காசோலையோடு வரலாம். யூமாஸ் நேற்று ஜார்ஜியாவுக்குப் போனது அந்த மாதிரிப் பயணம்தான். இல்லையென்றால் ஒரு வருடம் நான் வருகிறேன், ஒரு வருடம் நீ வா என்று ஒப்பந்தம். யூகான் இப்போது இரண்டாவது வகையை நிறையப் பிடிக்கிறது. டியூக், சிரக்யூஸ் எல்லாம் இந்த ஊருக்கு வருகிற அணிகள். இது சின்னக் காரியம் இல்லை.

இந்தக் கோடையில் பிக் 12 என்ற பெரிய லீக் யூகானைச் சேர்ப்பது பற்றிப் பேசியது. செப்டம்பரில் பேச்சு நின்றது. அத்தான் அதைச் சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார்.

நவம்பர் 25 முதல் 27 வரை

அணிக்கு ஆட்டம் இல்லாத வார நாட்கள். ஆனால் வீட்டில் இழவு. பேஸ்கட்பால் சாம்பியன்கள் ஹவாயில் மாவுய் போட்டிக்குப் போயிருந்தார்கள். திங்கள் மெம்ஃபிஸிடம் ஓவர்டைமில் 99-97, செவ்வாய் கொலராடோவிடம் 73-72, புதன் டேட்டனிடம் 85-67. மூன்று நாளில் மூன்று தோல்வி. மருமகன் சாப்பிட வரவே இல்லை. அக்கா தோசையை அறைக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

சிரக்யூஸிடம் தோற்ற அன்று இதே பையன் பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டான். ஃபுட்பாலிடம் எதிர்பார்ப்பு எவ்வளவு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். எனக்கென்னவோ ஃபுட்பால் ஆட்களுக்கு இது வசதி என்றுதான் படுகிறது. எட்டு ஜெயித்தால் கொண்டாட்டம், நான்கு தோற்றால் யாரும் பட்டினி கிடப்பதில்லை.

நவம்பர் 28, வியாழன். மான்செஸ்டர்

தேங்க்ஸ்கிவிங். பக்கத்து மான்செஸ்டரில் 1927இல் தொடங்கிய ஓட்டப் பந்தயத்தைக் காலையில் பார்த்தோம். விடாத மழை. வான்கோழி வேஷம் போட்டவர்கள்கூட நனைந்துகொண்டே ஓடினார்கள். மதியம் வீட்டில் மட்டன் பிரியாணி.

நவம்பர் 30, சனி. ஆம்ஹர்ஸ்ட், மாசசூசெட்ஸ்

வடக்கே போகும் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். வழியில் ஸ்பிரிங்ஃபீல்டு. 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பேஸ்கட்பாலைக் கண்டுபிடித்த ஊர். சாலையோரம் அருங்காட்சியகத்தின் உருண்டைக் கூரை தெரிந்தது. "இந்த வாரம் வேண்டாம் மாமா" என்றான் மருமகன். நிற்காமல் போனோம்.

யூமாஸின் மெக்கர்க் ஸ்டேடியம் 1965இல் கட்டியது. 17,000 பேருக்கு இடம். ரென்ட்ஷ்லரில் பாதிகூட இல்லை. ஆனால் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது, மாணவன் விடுதியிலிருந்து நடந்தே வரலாம். தேங்க்ஸ்கிவிங் விடுமுறையில் மாணவர்கள் ஊருக்குப் போய்விட்டதால் நடந்து வர ஆள்தான் குறைவு. யூகானின் கருநீலம் அவர்களின் மெரூனுக்குச் சமமாகவே தெரிந்தது. குளிர் அப்படி, இரண்டு ஜோடி கையுறை போட்டும் காபிக் கோப்பையை விட மனம் வரவில்லை.

யூமாஸின் கதையைக் கேட்டால் யூகான் பரவாயில்லை என்றாகிவிடும். 2012இல் மேல்தட்டுக்கு ஏறி, ஃபுட்பாலுக்கு மட்டும் மேக் என்ற லீக்கில் சேர்ந்தார்கள். உள்ளூர் ஆட்டங்களை இங்கிருந்து வெகு தூரத்தில், பேட்ரியாட்ஸின் பிரம்மாண்டமான ஜில்லெட் ஸ்டேடியத்தில் நடத்தினார்கள். காலி இருக்கைகளுக்கு முன்னால் ஆட்டம். எல்லா விளையாட்டையும் கொண்டுவந்து முழுதாகச் சேருங்கள், இல்லாவிட்டால் போங்கள் என்றது மேக். பேஸ்கட்பாலை இடம் மாற்ற மனமில்லாமல் வெளியேறினார்கள். 2016 முதல் தனிக்கட்டை. இந்த பிப்ரவரியில் மறுபடி அதே மேக்குக்கு, இந்த முறை முழுக் குடும்பத்தோடு, வருகிறோம் என்று கையெழுத்திட்டார்கள். 2025 ஜூலையில் சேர்கிறார்கள். தனிக்குடித்தனம் போன மகன் வாடகை கட்ட முடியாமல் கூட்டுக் குடும்பத்துக்கே திரும்பிய மாதிரி. போன வாரம்தான் பயிற்சியாளர் டான் பிரவுனையும் அனுப்பிவிட்டார்கள். ஷேன் மாண்ட்கோமரி என்ற உதவியாளர் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்கிறார். இந்த ஆண்டு இதுவரை இரண்டே வெற்றி, இரண்டும் கீழ்த்தட்டு அணிகள் மேல்.

ஆக இன்றைக்கு யூமாஸின் தனிக்கட்டை வாழ்க்கையில் கடைசி ஆட்டம். இழக்க ஒன்றும் இல்லாதவனோடு மோதுவது எவ்வளவு சிரமம் என்று யூகான் பார்த்தது. இரண்டு பக்கத் தடுப்பும் ஓட்டை. டச்டவுனுக்கு மேல் டச்டவுன். என் முன்வரிசையில் இருந்த யூகான் குடும்பம் ஒவ்வொரு முறையும் எழுந்து, கைகுலுக்கி, உட்காருவதற்குள் எதிர்ப்பக்கம் கத்த ஆரம்பித்தது. 47-42. மொத்தம் 89 புள்ளி. யூகான் ஜெயித்தது என்பதைவிடக் கடிகாரம் யூகான் பக்கம் நின்றது என்பதே சரி.

ஜெயித்தவர்கள் பெரிதாக ஆடிப்பாடவில்லை. யூமாஸ் பையன்கள்தான் மைதானத்தில் வெகு நேரம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு யூகானின் பட்டியலில் யூமாஸ் இல்லை. ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிற பக்கத்து மாநிலத்துக்காரன் இவன். லீக்கில் சேர்ந்ததும் இனி பஃபலோ, ஓஹையோ, மிச்சிகன் என்று அலையப் போகிறான். கல்லூரி ஃபுட்பாலில் இப்போது நடப்பதெல்லாம் இந்த வகைதான்: வரவு செலவுப் புத்தகத்தில் சரியாக வருகிறது, வரைபடத்தில் பார்த்தால் கோணலாக இருக்கிறது.

வழக்கமான சீசன் முடிந்தது. 8 வெற்றி, 4 தோல்வி.

டிசம்பர் 8, ஞாயிறு

இன்று பௌல் அறிவிப்பு நாள். லீக் அணிகளுக்கு எந்த லீக்கின் எத்தனையாவது அணி எந்த பௌலுக்கு என்று ஒப்பந்தம் இருக்கும். தனிக்கட்டை யாராவது கூப்பிடுவார்களா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மதியம் செய்தி வந்தது: டிசம்பர் 28, பாஸ்டன், ஃபென்வே பௌல், எதிரணி நார்த் கரோலினா. இதில் எனக்குச் சிரிப்பு வந்த இடம் ஒன்று உண்டு. ஃபென்வே பௌல் வழக்கமாக ஏசிசிக்கும் அமெரிக்கனுக்கும் நடப்பது. அமெரிக்கனின் இடம்தான் இந்த முறை யூகானுக்கு. விட்டுவிட்டு வந்த வீட்டின் நாற்காலியிலேயே விருந்தாளியாகப் போய் உட்காருகிறார்கள்.

தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கிற, 12 அணிகள் கொண்ட பிளேஆஃபில் நோட்டர் டேம் 7ஆம் இடம். இந்த ஆண்டு விதிப்படி முதல் நான்கு இடங்கள் லீக் சாம்பியன்களுக்கு மட்டும்தான்; எத்தனை ஜெயித்தாலும் தனிக்கட்டைக்கு முதல் சுற்று விடுப்பு கிடையாது. பணக்காரத் தனிக்கட்டைக்கும் ஒரு கதவு சாத்தித்தான் இருக்கிறது.

ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டை ஜனவரிக்கு மாற்றினேன். மாற்றுக் கட்டணத்தை இங்கே எழுத மாட்டேன், வீட்டில் படிக்கிறார்கள்.

டிசம்பர் 28, சனி. பாஸ்டன்

ஆட்டம் காலை 11 மணிக்கு. இருட்டிலேயே கிளம்பினோம். இந்த முறை அக்காவும் அத்தானும்கூட. ஊருக்கு வெளியே ரிவர்சைடில் காரை விட்டுவிட்டு கிரீன் லைன் ரயில். பெட்டி முழுக்கக் கருநீலம், நடுநடுவே கரோலினாவின் வெளிர் நீலம்.

ஃபென்வே பார்க் 1912இல் திறந்த பேஸ்பால் மைதானம். மரமும் செங்கல்லும் பச்சை பெயின்ட்டும். இடப்பக்கம் கிரீன் மான்ஸ்டர் என்கிற 37 அடிச் சுவர். வலப்பக்க இருக்கைகளில் ஒன்றே ஒன்று சிவப்பு: 1946இல் டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து 502 அடி பறந்து விழுந்த இடமாம். இப்படிக் கோணல்மாணலாகக் கட்டிய மைதானத்துக்குள் ஒரு ஃபுட்பால் களத்தைக் கோடு போட்டு நுழைத்திருக்கிறார்கள். எங்கள் இருக்கை பேஸ்பால் மேட்டை நோக்கித் திரும்பியிருந்தது. ஆட்டம் முழுக்கக் கழுத்தைத் திருப்பியே பார்த்தோம்.

நார்த் கரோலினா நல்ல நிலையில் வரவில்லை. பயிற்சியாளர் மாக் பிரவுனை நவம்பரிலேயே அனுப்பிவிட்டு, பேட்ரியாட்ஸுக்கு ஆறு சூப்பர் பௌல் (தொழில்முறை ஃபுட்பாலின் சாம்பியன் பட்டம்) வாங்கிக் கொடுத்த பில் பெலிசிக்கை இந்த மாதம் நியமித்திருக்கிறார்கள். அவர் அடுத்த சீசனுக்குத்தான். இன்று ஃப்ரெடி கிச்சன்ஸ் தற்காலிகம். முன்னணி ஓட்டக்காரன் ஒமாரியன் ஹாம்ப்டன் தொழில்முறை அணிகள் ஆளெடுக்கும் தேர்வுக்காக ஆடாமல் ஒதுங்கிக்கொண்டான். எதிரணி அரைகுறையாக வந்தது என்று நாளைக்கு யாராவது சொல்வார்கள். சொல்லட்டும். ஏசிசி சட்டை போட்ட அணியிடம் இந்த ஆண்டு மூன்று முறை ஒரே டச்டவுன் தூரத்தில் தோற்றவர்களுக்கு இந்த நான்காவது ஆட்டத்தில் தோற்க எந்தச் சாக்கும் இல்லை.

ஆட்டம் இடைவேளைக்கு முன்பே யூகான் கையில். குவார்ட்டர்பேக் ஜோ ஃபக்னானோ பெரிதாக அலட்டிக்கொள்ளாமல் எறிந்தான், ஓட்டக்காரர்கள் நடுவில் இடித்துக்கொண்டே போனார்கள். ஆம்ஹர்ஸ்டில் 42 புள்ளி விட்டுக்கொடுத்த அதே தடுப்பு வரிசை இன்று 14க்கு மேல் விடவில்லை. 27-14. பௌல் ஆட்டத்தில் யூகான் ஜெயிப்பது 2010 ஜனவரிக்குப் பிறகு இதுதான் முதல் முறை. ஒரு சீசனில் 9 வெற்றி என்பது 2007க்குப் பிறகு.

கோப்பையைத் தூக்கினார்கள். லீக் கோப்பை இல்லை, ஸ்பான்சர் பெயர் பொறித்த பௌல் கோப்பை. அத்தான் அதைப் பார்த்து அழுதார் என்று சொன்னால் மறுப்பார். அக்காவைக் கேளுங்கள்.

திரும்பும் வழியில், ஸ்டர்பிரிட்ஜ் அருகே டிராஃபிக்கில் நின்றிருந்தபோது மருமகன் போனில் அடுத்த சீசன் பட்டியலை எடுத்தான். முதல் ஆட்டம் சென்ட்ரல் கனெக்டிகட். அப்புறம் சிரக்யூஸுக்கு இவர்கள் போகிறார்கள். ஜூலைக்குப் பிறகு மேல்தட்டில் தனிக்கட்டை இரண்டே பேர்: நோட்டர் டேமும் யூகானும்.

"நவம்பர்ல டியூக் நம்ம ஊருக்கு வருது மாமா. வந்துடுங்க."

"அதுக்குள்ள உங்களுக்கு ஏதாவது லீக் கிடைச்சுட்டா?"

"கிடைச்சா நல்லதுதான். ஆனா டியூக் காண்ட்ராக்ட் கையெழுத்தாயிடுச்சு, அவங்க வந்துதான் ஆகணும்."